கார்பன் சைக்கிள் வேண்டாம், டயர் அனுப்பு

வேலூர்
தை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பெல்ஜியத்தின் ஸோன்ஹோவன் பந்தயத்தில் நீ எடுத்த படங்களும் வந்து சேர்ந்தன. முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகளுக்குக் கார்பன் சைக்கிள் வாங்கி அனுப்ப வேண்டாம்.

அவள் மேல் உனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். பிளஸ் ஒன் படிக்கும் பெண் விடியற்காலையில் பாலமதி மலைச்சாலையில் சைக்கிள் மிதிக்கிறாள் என்று நான் எழுதியதைப் படித்ததும் உனக்குக் கை பரபரத்திருக்கும். ஆனால் சேற்றிலும் மணலிலும் சுற்றுச் சுற்றாக ஓட்டி, தடுப்பு வந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும் இந்த சைக்ளோகிராஸ், ஒற்றை சைக்கிளை வைத்துக்கொண்டு ஜெயிக்கிற பந்தயமா? நீதான் நேரில் பார்த்தாயே. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, சைக்கிள் மாற்றும் இடமான பிட் பகுதியைக் கடக்கிறார்கள். சேறு அப்பிய சைக்கிளை அங்கே விட்டுவிட்டு, கழுவித் துடைத்த இன்னொன்றில் ஏறிப் போகிறார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் உதவியாளர் பம்பால் தண்ணீர் பீய்ச்சி முதல் சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, தயாராக நிற்கிறார். அந்த ஏற்பாடு முழுவதும் இருந்தால்தான் அந்த சைக்கிளுக்கு அர்த்தம்.

இன்னொரு விஷயம். பின்பக்க கியரைப் பிரேமோடு இணைக்கும் சிறிய அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. கீழே விழும்போது பிரேம் உடையாமல் இருக்க, அந்தத் துண்டு தான் வளைந்து அல்லது முறிந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு மாடலுக்கும் அது வேறு வேறு வடிவம். லாங்கு பஜாரில் எந்தக் கடையில் போய் அதைக் கேட்பேன்? அந்தத் துண்டு வரும்வரை லட்ச ரூபாய் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். அவளிடம் இப்போது இருப்பது சாதாரண உலோகப் பிரேம், 700 அளவு சக்கரம், 33 மில்லிமீட்டர் டயர் தாராளமாக உள்ளே சுற்றும். கற்றுக்கொள்ள அது போதும்.

அனுப்பத்தான் வேண்டும் என்றால் டயர் அனுப்பு. இந்தப் பந்தயத்தில் ஆளுக்கு அடுத்தபடி முக்கியமானது டயர்தான் என்பது என் உறுதியான எண்ணம். சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அகலத்தில் யாரும் யாரையும் மிஞ்ச முடியாது என்பதால் போட்டி முழுவதும் டயரின் மேல் துருத்தி நிற்கும் பட்டன்களிலும் உள்ளே இருக்கும் காற்றின் அளவிலும் நடக்கிறது. சேற்றுக்கு உயரமான, இடைவெளி விட்ட பட்டன்கள் வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு டயர் வழுவழுவென்று ஆகிவிடும். மணலுக்கும் காய்ந்த புல்லுக்கும் அரத்தின் முகம் மாதிரி மிக நுண்ணிய பல் போதும். காற்றழுத்தமோ சதுர அங்குலத்துக்குச் சுமார் 20 பவுண்டு, சில இடங்களில் அதற்கும் குறைவு. நம் ஊர்க் கடைக்காரரிடம் இதைச் சொன்னால் பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்! ஆனால் காற்றைக் குறைத்த டயர் தரையில் நீளமாகப் படுகிறது. வேர், கல் எது வந்தாலும் அதன் மேல் துள்ளாமல் படிந்து ஏறுகிறது. மணலில் புதையாமல் மேலாகப் போகிறது. நம் பெண் இதை உணர்ந்த நாளில் அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவு குறைந்த காற்றில் சாதாரண டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழிந்துவிடும். அதனால்தான் அங்கே பல ஆண்டுகளாக டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டினார்கள். நமக்கு அது சரிவராது. இங்கே சீமைக் கருவேல முள் இருக்கிறது. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், ஆற்றங்கரை, எங்கே போனாலும் முள். டியூப்லெஸ் டயரும், ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமும்தான் நமக்கு வழி. வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, அடிக்கடி ஊற்ற வேண்டும். ஆகவே அதையும் கூடுதலாக அனுப்பு.

ஸோன்ஹோவன் மணற்குழியைப் பற்றி நீ எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். செங்குத்தாகக் குழிக்குள் இறங்கும்போது கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். அவள் பாலாற்றில் பழகுகிறாள். மணலுக்குள் நுழையும் முன்பே வேகம் எடுத்துவிட வேண்டும். உடல் எடையைப் பின்னால் தள்ள வேண்டும். கைப்பிடியை இறுக்காமல், முன்னால் போனவரின் தடத்தில் சக்கரம் தானே போக விட வேண்டும். மிதிப்பதை ஒரு கணமும் நிறுத்தக் கூடாது. இவை எல்லாம் அவளுக்கு வந்துவிட்டன. வராதது ஒன்றே ஒன்று: எப்போது இறங்கி ஓடுவது என்ற முடிவு. வேகம் செத்த பிறகு இறங்குகிறாள். இரண்டு மிதி முன்னாலேயே இறங்கியிருந்தால் அந்த வேகமே அவளை ஓட வைத்திருக்கும்.

மணல் பழகியவர்களுக்குத்தான் வழிவிடும். 2012-இல் பெல்ஜியத்தின் கொக்சைடே மணல்மேடுகளில் நடந்த உலகப் போட்டியில் ஆண்கள் பிரிவின் முதல் ஏழு இடங்களையும் பெல்ஜியக்காரர்களே பிடித்தார்கள். அந்த மணலிலேயே ஓட்டி வளர்ந்தவர்களிடம் மற்றவர்களால் என்ன செய்ய முடியும்? நமக்கும் ஓர் ஆறு நிறைய மணல் இருந்தது. நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கால் புதையப் புதைய நடந்த இடங்களில் இப்போது பள்ளமும் முட்புதரும் களிமண்ணும்தான். அள்ளி அள்ளித் தீர்த்துவிட்டார்கள். 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டு வந்தபோது ஆறு திரும்பி வந்துவிட்டது என்று நாங்கள் பாலத்தில் நின்று மகிழ்ந்தோம். ஆனால் லாரியில் போன மணலை ஒரு வெள்ளம் திருப்பித் தருமா? மிஞ்சிய திட்டுகளில்தான் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் ஆத்திரமும் ஒன்றாக வருகின்றன.

பிள்ளைகள் என்று பன்மையில் எழுதியதைக் கவனித்தாயா? அவளுடைய பள்ளித் தோழிகளும் சேர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் இருப்பது அரசு தந்த விலையில்லா சைக்கிள்தான். மாம்பலகையை 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து, நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு தடுப்புகள் நட்டுக் கொடுத்தேன். விதிப்புத்தக அளவு அதுதான். ஓடுகிற சைக்கிளிலிருந்து வலக்காலைப் பின்னால் வீசி இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தடுப்புகளைத் தாண்டி, மறுபடி தாவி ஏற வேண்டும். அந்தக் கனமான சைக்கிளைத் தூக்கிப் பழகிய தோளுக்கு எட்டு கிலோ பந்தய சைக்கிள் ஒரு சுமையா? பெல்ஜிய வீரர் ஸ்வென் நைஸ் இறங்காமலேயே அந்தத் தடுப்புகளைத் துள்ளித் தாண்டுவார் இல்லையா, அந்த வித்தையும் சிறுவயதில் சின்னச் சக்கர பி.எம்.எக்ஸ். சைக்கிளில் கற்றது. விலை உயர்ந்த பிரேம் அதைக் கற்றுத் தரவில்லை.

அக்காவுக்கு மட்டும் இதில் இன்னும் மனம் ஒப்பவில்லை. "ஒலிம்பிக்கில்கூட இல்லாத விளையாட்டில் என்ன எதிர்காலம்?" என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஒலிம்பிக்கில் இல்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். பிறகு போலின் ஃபெரான்-பிரெவோவைப் பற்றிச் சொன்னேன். பிரான்சுக்காரப் பெண். 2015-இல் சாலை, சைக்ளோகிராஸ், மலைப்பாதை ஆகிய மூன்றின் உலகப் பட்டங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைப்பாதைப் பிரிவில் தங்கம், 2025-இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சாலைப் பந்தயத்தில் வெற்றி. சேற்றிலும் மணலிலும் சைக்கிளை அடக்கக் கற்றவர் எந்தப் பாதையிலும் ஓட்டுவார். நம் நாட்டில் மலைப்பாதைப் பந்தயத்துக்குத் தேசியப் போட்டி இருக்கிறது, அங்கே போகலாம். அக்கா பதில் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் விடியற்காலை மகளுக்கு முன்பே எழுந்து கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள்.

இது புதிய சங்கதியும் இல்லை. டேனியல் கூசோ என்ற பிரெஞ்சுப் படைவீரர் 1902-இல் அந்த நாட்டின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910-இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஆக்டேவ் லாபிஸ், குளிர்காலத்தில் காட்டிலும் வயலிலும் ஓட்டிய பயிற்சிதான் தனக்குக் கைகொடுத்தது என்று சொன்ன பிறகு மற்றவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். லாபிஸ் 1909 முதல் 1911 வரை பாரிஸ்-ரூபே சாலைப் பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்றவர். இப்போது நெதர்லாந்து வீரர் மத்தியு வான் டெர் பூல் 2023 முதல் 2025 வரை அதே பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்றிருக்கிறார். அவரும் சைக்ளோகிராஸில் வளர்ந்தவர். 2015-க்கும் 2025-க்கும் இடையில் ஏழு உலகப் பட்டங்கள் வென்றவர். ஒரு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே சேற்றில் விளைந்த இருவர்! ஆண்களுக்கு 1950-இலேயே உலகப் போட்டி தொடங்கிவிட்டது. பெண்கள் 2000 வரையிலும், இளம்பெண்கள் 2020 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நீ எழுதிய கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கயிற்றுக்கு இருபுறமும் நெருக்கியடித்து நின்று பெயர் சொல்லிக் கத்துகிறார்கள் என்றாய். நம் பக்கத்துக் காளை விடும் விழாவில் தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டி நின்று ஊரே கத்துவதைப் போலத்தான் அதை நான் கற்பனை செய்துகொண்டேன். அங்கேயும் இங்கேயும் ஆசை ஒன்றுதான்: கண்ணுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் வேகத்தைப் பார்ப்பது. சாலைப் பந்தயத்தில் காலையிலிருந்து காத்திருந்தால் ஒரு தடவை சர்ரென்று போய்விடுவார்கள். இதிலோ மூன்று கிலோமீட்டர் சுற்று, ஏறக்குறைய ஒரு மணி நேரம். சில நிமிடங்களுக்கு ஒரு முறை வீரர்கள் உன் முன்னால் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான பந்தயம் வேறு என்ன இருக்கிறது?

காலமும் பொருந்துகிறது. அங்கே செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிறது. நம் கணக்கில் புரட்டாசி முதல் மாசி வரை. ஐப்பசி கார்த்திகையில் நமக்குச் சேறு, மார்கழி தையில் காய்ந்த மணல். வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால்தான் ஓட்டத்தின் நடுவே வீரருக்குத் தண்ணீர் கொடுக்க நடுவர்கள் அனுமதிக்கலாம் என்று ஒரு விதி படித்தேன். வேலூரில் அந்த அனுமதி வருடம் முழுவதும் தேவைப்படும்!

அதனால் ஒரு பந்தயம் நடத்தத் தீர்மானித்துவிட்டோம். விரிஞ்சிபுரத்தில் நம்மோடு படித்தவனின் தென்னந்தோப்பு ஆற்றை ஒட்டி இருக்கிறதே, அதைத் தருவதாகச் சொல்லிவிட்டான். ஆற்றுக்குள் இறங்கினால் அரசு அனுமதி, அலைச்சல் எல்லாம் உண்டு. ஆகவே தோப்புக்குள்ளேயே பாதை. வாய்க்கால் மேடு, தோப்பின் மணல், பம்புசெட் பக்கம் கொஞ்சம் சேறு, கிணற்றடிக்குப் போகும் படிகள் என்று இரண்டரைக் கிலோமீட்டர் வளைத்து வளைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். கார்த்திகைக் கடைஞாயிறன்று விரிஞ்சிபுரம் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது, அது வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு ஊர் ஊராகக் காளை விடும் விழா தொடங்கிவிடும், அதுவும் வேண்டாம். அடுத்த மார்கழியில் அரையாண்டு விடுமுறை வாரம்தான் சரி.

அந்த வாரத்தில் நீ இங்கே வர வேண்டும் என்பதுதான் நான் உண்மையில் கேட்பது. கிறிஸ்துமஸை ஒட்டி அங்கே பந்தயத்துக்கு மேல் பந்தயம் நடக்கும், ஆண்டின் மிகச் சிறந்த நாட்கள் என்று நீ சொல்வாய். தெரிந்துதான் கேட்கிறேன். தாவி ஏறுவதை இந்தப் பிள்ளைகள் காணொளி பார்த்துக் கற்க முயல்கிறார்கள். முடியவில்லை. இருக்கையின் மேல் குதித்து விழுகிறார்கள்; உள்தொடையைப் பக்கவாட்டில் பதித்து வழுக்கி ஏற வேண்டும் என்பதை நான் வாயால் சொல்கிறேன், செய்து காட்ட என் முழங்கால் இடம் தரவில்லை. நீ வாரந்தோறும் கிளப்பில் அதைச் செய்துகொண்டிருப்பவன். இரண்டு காலைப் பொழுது நீ அவர்களோடு நின்றால் போதும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: டியூப்லெஸ் டயர், 700-33 அளவு, மணலுக்கானது பாதி, நடுத்தரமானது பாதி, சேற்று டயர் ஒரு ஜோடி போதும். அடைக்கும் திரவம். முக்கியமாக, குறைந்த காற்றைச் சரியாகக் காட்டும் அளவுமானி ஒன்று. இங்கே கிடைக்கும் பம்புகளின் முள் 20 பவுண்டுக்குக் கீழே நம்பும்படி நிற்பதில்லை. உன் கிளப்பில் யாராவது பழைய சக்கரங்களைக் கழித்துப் போட்டால் அவற்றையும் கேட்டுப் பார்.

உன் அம்மா நலமாக இருக்கிறார்கள். போன வாரம் மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள்; பையை நான் வாங்கிக்கொண்டு வீடுவரை கொண்டுபோய் விட்டேன். கண் அறுவைக்குப் பிறகு பார்வை தெளிவாக இருக்கிறதாம், செய்தித்தாளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார்கள். நீ மார்கழியில் வரக்கூடும் என்று அவர்களிடம் நான் இன்னும் மூச்சு விடவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டு நீயே சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்