ஒற்றைப் புள்ளி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் கணினி அறிவியலே எடுத்திருக்கிறாளாமே! நாம் பட்டதெல்லாம் போதாதா என்று கேட்டுப் பார்த்தாயா?

இங்கே எனக்கு ஒரு மாதமாக ஒரே பாடு. எழுதிய நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரை ஜிசிசி 14-க்கு மாற்றினோம். பில்ட் பிழையில்லாமல் முடிந்தது. ஆனால் பெரிய கோப்புகளை அனுப்பும் இடத்தில் நிரல் நொண்டியது. மூன்று நாள் பழியாய்க் கிடந்த பிறகுதான் தெரிந்தது, கோளாறு கான்ஃபிகர் ஸ்கிரிப்டில், அதாவது கணினியில் எந்தெந்த வசதி உண்டு என்று பில்டுக்கு முன்னால் சோதிக்கும் நிரலில்.

ஒவ்வொரு வசதிக்கும் அது ஒரு குட்டி நிரலை கம்பைல் செய்து பார்க்கும். தேறினால் அந்த வசதி உண்டு, தேறாவிட்டால் இல்லை. எங்கள் குட்டி நிரலில், அழைக்கும் செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடரும் இல்லை, மெயினுக்கு முன்னால் இன்ட் என்ற வகைப்பெயரும் இல்லை. (எழுதியது நானாகவும் இருக்கலாம், யார் எழுதியது என்று காட்டும் கிட் வரலாற்றைப் பார்க்கவில்லை.) இந்தப் பழக்கத்தை சி மொழியின் 1999 தரமே விலக்கிவிட்டது. ஜிசிசி மட்டும் பொறுத்துப் பொறுத்து, 2024-ல் வந்த 14-ல்தான் பிழையாக்கியது. உடனே ஸ்கிரிப்ட் கோப்பை வேகமாக அனுப்பும் வசதியான சென்ட்ஃபைலை 'இல்லை' என்று எழுதிக்கொண்டு மெதுவான மாற்றுவழியைப் பிடித்துவிட்டது.

அதே 2024 மார்ச்சில் வெடித்த எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் நினைவிருக்கிறதா? எல்லோரும் அதில் ஒளித்து வைத்த பின்கதவைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தூக்கம் போனது அதன் சிமேக் கோப்பைப் பார்த்துத்தான் (சிமேக்கும் கான்ஃபிகர் போல வசதிகளைச் சோதிப்பதுதான்). லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் குட்டி நிரலில், ஒரு வரியில் தன்னந்தனியாக ஒரு புள்ளி. அது இருக்கும்வரை எந்த லினக்ஸிலும் அந்த நிரல் கம்பைல் ஆகாது. சிமேக்கும் 'லேண்ட்லாக் இல்லை' என்று நம்பி, நிரலைக் கட்டுக்குள் அடைத்து வைக்கும் சாண்ட்பாக்ஸ் இல்லாமலே கட்டிக்கொடுத்துவிடும். நம் கண்ணில் பட்டிருந்தாலும் கைதவறி விழுந்தது என்றுதானே நினைத்திருப்போம்!

அதனால் இப்போது ஸ்கிரிப்டின் முடிவுகளைச் சேமித்து வைக்கிறோம். கம்பைலர் மாறும்போது பழையதோடு ஒப்பிட்டு, 'உண்டு' எதுவாவது 'இல்லை' ஆகியிருந்தால் பில்ட் நிற்கும். யாராவது சோதனைகளின் பதிவான லாகைப் படித்துக் காரணம் சொன்னால்தான் நகரும். கட்டாயம் வேண்டிய வசதிகளுக்கு மாற்றுவழியே கிடையாது, இல்லையென்றால் பிழைதான். பையன்கள் முணுமுணுத்தார்கள். முதல் வாரமே இன்னும் நான்கைந்து பொய் 'இல்லை'கள் அகப்பட்டதும் சத்தத்தைக் காணோம்.

உன் இடத்தில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்குவது இன்னும் அந்தப் பழைய ஆட்டோகான்ஃப் மேக்ரோக்கள்தானே? கான்ஃபிக் லாகை ஒருமுறை திறந்து பார், அப்புறம் எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா, அதையும் சொல்.

அன்புடன்,
மூர்த்தி