திருத்துகிறேன் என்று அலைவரிசையை அடைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பான ஹாம் ரேடியோவில் அரிதான தீவுகளையும் நாடுகளையும் தொடர்புகொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆன்டெனா, ஆம்ப்ளிஃபையர், எத்தனை வாட்ஸ் என்று கருவிகளைப் பற்றி விரிவாக இருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் அப்படியொரு நிலையம் ஒலிக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தார் கட்டுரையாளர். எனக்கு அதுதான் முதலில் பேச வேண்டிய விஷயமாகப் படுகிறது.

தென் அட்லாண்டிக்கில் நார்வேக்குச் சொந்தமான, ஆள் வசிக்காத, பனி மூடிய புவே தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஒரு ஹாம் குழு தீவின் அருகே வரை போயும், மோசமான வானிலையாலும் கப்பலின் எஞ்சின் கோளாறாலும் இறங்காமலே திரும்பியது. 2023-ல் இன்னொரு குழு இறங்கியது. கடல் கொந்தளிப்பால், நினைத்த அளவுக்குக் கருவிகளைக் கரைசேர்க்க அவர்களால் முடியவில்லை. ஹாம்கள் ஒவ்வொன்றாகத் தொடர்புகொண்டு முடிக்க முயலும் நாடுகள், தீவுகளின் பட்டியலான டி.எக்ஸ்.சி.சி.யின் 340 இடங்களில் பலருக்கு எஞ்சி நிற்பவை இப்படிப்பட்ட சிலதான். அதனால் அங்கிருந்து ஒரு குரல் வந்தால் உலகமே திரண்டு கூப்பிடுகிறது. அந்த ஆசை நியாயமானது.

இந்த நெரிசலைச் சமாளிக்கத்தான் ஸ்பிளிட் முறை: நிலையம் பேசுவது ஒரு அலைவரிசையில், கேட்பது வேறு அலைவரிசையில். நிலையம் 14.195 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டு, 'ஃபைவ் அப்' (ஐந்து கிலோஹெர்ட்ஸ் மேலே) என்று சொன்னால், 14.200-லும் அதைத் தாண்டியும் நம்மைக் கேட்கிறது என்று பொருள். யாராவது ஒருவர் ஸ்பிளிட் போட மறந்து 14.195-லேயே கூப்பிட்டுவிடுவார். அது இரண்டு விநாடித் தவறு, அதோடு போயிருக்கும். ஆனால் உடனே நாலு பேர் 'அப், அப்' என்று கத்துகிறார்கள். ஐந்தாவது ஆள் திட்டுகிறார். அப்புறம் திட்டியவரைத் திட்ட ஒருவர் வருகிறார். தீவில் இருப்பவருக்கு இது எதுவும் கேட்பதில்லை. அவர் ரிசீவர் மேலே, 14.200 பக்கம் இருக்கிறது. காத்திருக்கும் எங்களுக்குத்தான் அவர் குரல் மூழ்கிப்போகிறது. அவர் பதில் கொடுத்த ஆளுக்கே அது கேட்காமல் போய், அந்த ஆள் மறுபடி கூப்பிட, பத்துப் பதினைந்து விநாடியில் முடிய வேண்டிய தொடர்பு நிமிடக்கணக்கில் இழுக்கிறது. தவறு செய்தவரும், தான் ஒலிபரப்பும் நேரத்தில் இந்தத் திருத்தத்தைக் கேட்கப்போவதில்லை. வேண்டுமென்றே இடையூறு செய்பவனுக்கோ, இப்படிப் பதில் கிடைப்பதுதான் வேண்டியது. தெரியாமல் தவறு செய்பவர்களைவிட இந்தக் காவல்காரர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒலிவாங்கியைத் தொடாமல் இருப்பதே அந்த நேரத்தில் செய்யக்கூடிய உதவி.

நிலையம் காதில் விழாமலே கூப்பிடுவது இன்னொரு கேடு. இணையத்தில் அலைவரிசை தெரிகிறது, அங்கே போய்க் கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். பதில் வந்தால் எப்படித் தெரியும்? நிலையம் 'ஜப்பான் மட்டும்' என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். வானொலி அலைகளைத் தொலைதூரத்துக்குத் திருப்பி அனுப்பும் அயனமண்டலம் அந்தத் திசைக்குத் திறந்திருப்பது சில சமயம் அரைமணி நேரம்தான். மற்றவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஜப்பான்காரர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விடும். அதேபோல, கால்சைனின் (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறியின்) கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்வதால் நேரம் மிச்சமாகாது. மீதியைக் கேட்க இன்னொரு சுற்று வேண்டியிருக்கிறது. முழுக் கால்சைனை ஒரு தடவை சொல்லிவிட்டுக் காது கொடுங்கள்.

கேட்பதில் லாபமும் இருக்கிறது. கடைசியாகப் பதில் கிடைத்தவர் எந்த இடத்தில் கூப்பிட்டார் என்று தேடிப் பாருங்கள். நிலையத்தில் இருப்பவர் ஒவ்வொரு தொடர்புக்கும் பிறகு கொஞ்சம் மேலே நகர்கிறாரா, ஒரே இடத்தில் நிற்கிறாரா என்பது பிடிபட்டுவிடும். அடுத்து அவர் எங்கே வருவாரோ அங்கே காத்திருந்து கூப்பிட்டால் 100 வாட்ஸ் போதும். ஒரு கிலோவாட் வைத்துக்கொண்டு தப்பான இடத்தில் கூப்பிடுபவரை முந்திவிடலாம்.

அரிய இடத்தில் நிலையம் நடத்துபவர் பக்கத்திலும் பொறுப்பு உண்டு. பத்து நிமிடம் தன் கால்சைனையே சொல்லாமல், எங்கே கேட்கிறேன் என்றும் அறிவிக்காமல் ஓட்டுகிற நிலையங்களைச் சுற்றித்தான் குழப்பம் மிகுதியாக இருக்கிறது. 'இது யார், யார்' என்று கேட்டே பாதி நேரம் போகிறது.

இப்படியொரு தீவிலோ வேறு அரிய இடத்திலோ உட்கார்ந்து, நெரிசலின் மறுமுனையில் காது கொடுத்த ஒருவரைக் கொண்டு, அங்கே அது எப்படிக் கேட்கிறது என்று ஒரு கட்டுரை எழுதச்சொல்லி வெளியிடுங்கள். புதிதாக உரிமம் வாங்குகிறவர்கள் ஆம்ப்ளிஃபையர் விலை விசாரிப்பதற்கு முன் அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஹாம் வாசகர்