பழைய பத்திரமா? கலரில் ஸ்கேன் செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டில் ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பது சாதாரணம். ஒருவர் தேவகோட்டையில், சிலர் சென்னையில், மற்றவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூரில். பாகம் பிரிப்பதானாலும் ஓடு மாற்றுவதானாலும் ‘பத்திரத்தை மெயில்ல போட்டுவிடுங்க’ என்றுதான் பேச்சே தொடங்குகிறது. ஆனால் போய்ச் சேரும் பிடிஎஃப் பல சமயம் படிக்கும்படி இருப்பதில்லை.

முதல் காரணம், கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்வது. அந்த அமைப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை. இடைப்பட்ட நிறமே கிடையாது. பழுப்பேறிய தாள் கருந்திட்டாகிவிடும். மங்கிய ஊதா முத்திரையும் பெருவிரல் ரேகையும் காணாமல் போகும். முத்திரை தெரியாத நகலை வைத்துக்கொண்டு வக்கீல் என்ன சொல்ல முடியும்? கலர், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்று வையுங்கள். 600 வைத்தால் நீளத்திலும் அகலத்திலும் இரட்டித்து, மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்காகி, கோப்பும் பெருத்துவிடும். பொடி எழுத்துள்ள பக்கத்துக்கு மட்டும் அது தேவைப்படலாம்.

அடுத்தது தாளின் நீளம். வீட்டு ஸ்கேனரின் கண்ணாடி பெரும்பாலும் ஏ4 அளவு, அதாவது 29.7 செ.மீ. லீகல் தாளோ 35.6 செ.மீ. அடியில் வெட்டுப்பட்டுப் போவது பெரும்பாலும் சாட்சிகளின் கையெழுத்துதான்! மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக எடுங்கள். நடுவில் நாலு வரியாவது இரண்டிலும் வரட்டும். பின்பக்கத்தையும் விடக் கூடாது. பதிவு எண்ணும் சார்பதிவாளரின் குறிப்பும் பல பத்திரங்களில் அங்கேதான் இருக்கின்றன. மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், தாளின் முதுகில் ஒரு கறுப்புச் சார்ட் அட்டையை வைத்து மூடுங்கள். ஸ்கேனர் மூடியின் உட்புறம் வெள்ளை என்பதால் ஒளி அதில் பட்டுத் திரும்பி வருவதே மறுபக்க எழுத்து தெரியக் காரணம்.

மடிப்பில் இற்றுப்போன தாளைத் தானாக இழுக்கும் ஃபீடரில் ஒருபோதும் விடாதீர்கள், கிழிந்தால் கிழிந்ததுதான். செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் போடுவதும் அதைவிட மோசம். டேப்பின் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும்; லேமினேஷனைப் பிரிக்கவே முடியாது. இத்தகைய தாளுக்குக் கைபேசியே மேல். கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், வெயில் நேராக விழாத தாழ்வாரத்தோரத்தில் தாளைக் கருந்துணிமேல் விரியுங்கள். ஓரங்களைச் செயலி தானே கண்டுகொள்ளும். நம் வீடுகளில் இந்த வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. கைபேசி சாயாமல் தாளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு முனை எழுத்து பெருத்து, மறுமுனை சிறுத்துவிடும்.

அனுப்பும்போது ஒரு பத்திரத்துக்கு ஒரே பிடிஎஃப், பக்க வரிசைப்படி. பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: ‘1936 பாகப்பத்திரம்’ என்பதுபோல. ‘ஸ்கேன்0001’ என்று பத்துக் கோப்பு வந்தால் வாங்குபவர் பாடு திண்டாட்டம். ஜிமெயிலின் இணைப்பு வரம்பு 25 எம்பி. மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதால் 18 எம்பிக்குள் நிறுத்துங்கள். மிஞ்சினால் அது கூகுள் டிரைவ் லிங்க்காக மாறும். அனுமதி கொடுக்கத் தவறினால் பெறுபவருக்கு அது திறக்காது. இரண்டு மெயிலாகப் பிரித்து அனுப்புவது எளிது. வாட்ஸ்அப் என்றால் ‘டாகுமென்ட்’ வழியாக மட்டும். புகைப்படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்து கலங்கிவிடும்.

ஆதாரையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கி அனுப்புங்கள். பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் போட்டால் அதை அதே மெயிலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

மூலப்பத்திரத்தைப் பெட்டகத்தில் வைப்பதற்கு முன், பெற்றவரைக் கடைசிப் பக்கம்வரை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேலையை ஜெராக்ஸ் கடையில் முடித்தால், கிளம்பும் முன் அந்தக் கணினியிலுள்ள கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்து, மெயிலிலிருந்து வெளியேறியதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி