மிளகாய் போட்ட சாக்லேட்

அந்திகுவா, குவாத்தமாலா

அன்புள்ள சேகர்,

முழங்கால் வலி தேவலையா? நாங்கள் மகள் வீட்டில்தான் இருக்கிறோம். இரவானால் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. தூரத்தில் ஃபுவேகோ எரிமலை, பீடி குடிக்கிற தாத்தா மாதிரி அவ்வப்போது புகை விடுகிறது.

டிசம்பர் 16 முதல் 24 வரை இங்கே போசாதா என்கிற கிறிஸ்துமஸ் ஊர்வலம். மாதா, சூசையப்பர் சுரூபங்களைத் தூக்கிக்கொண்டு, ஆமை ஓட்டைக் குச்சியால் தட்டியபடி வீடு வீடாகப் போகிறார்கள். போகிற வீட்டில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள். நேற்று பக்கத்து வீட்டில் சாக்லேட்.

அதைச் செய்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வறுத்த கொக்கோ விதையை வேர்க்கடலை மாதிரி கசக்கித் தோலை ஊதினார் அந்த அம்மா. அப்புறம் மூன்று கால் வைத்த ஓர் அம்மி, மெத்தாத்தே என்கிறார்கள். மண்டி போட்டுத்தான் அரைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை, பொடி தானாக விழுதாகி வழிகிறது. விதையில் பாதி கொழுப்பாயிற்றே! காய்ந்த மிளகாய், பட்டை, சர்க்கரை சேர்த்து வெந்நீரில் கரைத்தார்.

கடைகளில் இதை மாயா பானம் என்று, அதாவது இந்த மண்ணின் பழங்குடிகளான மாயர்களின் பானம் என்று விற்கிறார்கள். பாதிதான் சரி. மிளகாய் மாயர்களுடையது. சர்க்கரையும் பட்டையும் ஸ்பானியர்கள் வந்த பிறகு சேர்ந்தவை. பட்டை நம் பக்கத்து இலங்கைச் சரக்கு. 1984இல் இந்நாட்டின் ரியோ அசூலில், சுமார் 1500 ஆண்டுப் பழைய கல்லறையில் ஒரு மண்ஜாடி கிடைத்தது. திருகு மூடி வேறு! மேலே மாயா எழுத்தில் ‘ககாவ்’, அதாவது கொக்கோ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தால் கொக்கோவேதான். டப்பாவுக்கு டப்பா பெயர் எழுதி ஒட்டும் உன் அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

அந்த மாயர்களுக்கு நுரைதான் முக்கியமாம். பிரின்ஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மாயா ஜாடி ஒன்றில், ஒரு பெண் நின்றபடி கீழே இருக்கும் பாத்திரத்தில் உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். படத்தைப் பார்த்தால் ‘ஆற்றுகிறாள்’ என்றே சொல்வாய். கும்பகோணத்துக்காரன் சும்மா இருப்பேனா? நானும் ஆற்றுகிறேன் என்று வாங்கினேன். ஒரு முழம் தூக்கியதும் பாதி சாக்லேட் ஸ்வெட்டர் கையில். மீதியில் நுரை வந்துவிட்டது, அதை ஒப்புக்கொள். முதலில் கசப்பு, அப்புறம் பட்டை வாசம், விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகாய்.

கால் கிலோ விதை வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு முன் வந்துவிடுவோம். உன் வீட்டு அம்மி கொல்லையில்தானே கிடக்கிறது? கழுவி வை.

அன்புடன்,
ராமு