புகைபோக்கியின் உயரம் குறித்து நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் வீட்டின் வரைபடமும் வந்து சேர்ந்தன. இரும்பு விறகு அடுப்பு வாங்கிவிட்டீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. எங்கள் வீட்டு அடுப்பு இந்தக் குளிர்காலத்திலும் குறையின்றி எரிகிறது. முழங்கால் வலிக்கு அதன் முன்னால் உட்காருவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

குழாயைச் சுவரில் துளையிட்டு வெளியே எடுத்து, கூரையின் கீழ் விளிம்பு வரை உயர்த்தினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் பதில். அடுப்பில் புகையை வெளியே தள்ளும் விசை எதுவும் இல்லை; குழாய்க்குள் இருக்கும் சூடான, எடை குறைந்த காற்றுக்கும் வெளியே உள்ள குளிர்ந்த, எடை கூடிய காற்றுக்கும் இடையிலான வேறுபாடுதான் புகையை மேலே இழுக்கிறது. வெளியே 0 டிகிரியும் குழாய்க்குள் 200 டிகிரியும் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றின் எடை வெளியே ஏறத்தாழ 1.29 கிலோ, உள்ளே 0.75 கிலோ. இதனால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 5 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுவை கிடைக்கிறது. பெரும்பாலான அடுப்புகளுக்கு 12 பாஸ்கல் அளவில் இழுவை தேவைப்படுவதால் மூன்று மீட்டரே போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் உராய்வும், வளைவுகளும், மேலே போகப் போகப் புகை குளிர்வதும் சேர்ந்து அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடுகின்றன. அடுப்பின் மேற்புறத்திலிருந்து 15 அடி, அதாவது சுமார் நாலரை மீட்டருக்குக் குறையக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் கேட்பது இதனால்தான்.

அந்த 15 அடியும் எங்கே போய் முடிகிறது என்பது வேறு கேள்வி. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே எழ வேண்டும். அதோடு, கிடைமட்டமாக 10 அடிக்குள் இருக்கும் முகடு, சுவர் எதுவானாலும் அதைவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். முகட்டைத் தாண்டிச் சரிந்து இறங்கும் காற்று, உயரம் குறைந்த குழாயின் வாயில் அழுத்திப் புகையைத் திரும்ப வீட்டுக்குள் அனுப்பிவிடும். உங்கள் படத்தில் குழாயின் வாய் முகட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. காற்றுத் தடுப்பு மூடி ஒன்றைப் போட்டு இதைச் சரிசெய்துவிடலாம் என்று எவர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு காரணத்தை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். குளிர்காலத்தில் வீடே ஒரு புகைபோக்கி. உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று மேல்மாடியின் இடுக்குகள் வழியே வெளியேறும்போது, கீழ்த்தளம் எங்கிருந்தாவது காற்றை உறிஞ்சிக்கொள்ளப் பார்க்கும். அடுப்பு அணைந்து கிடக்கும் நேரத்தில் வெளிச்சுவரை ஒட்டிய குழாய் குளிர்ந்துபோய் விடுகிறது. வீட்டின் உச்சியைவிடத் தாழ்ந்தும் இருந்தால், இந்தப் போட்டியில் வீடு வென்று, குளிர்காற்று குழாய் வழியே கீழே இறங்கத் தொடங்கும். பிறகு நீங்கள் பற்றவைக்கும் முதல் காகிதத்தின் புகையே அறைக்குள் வந்து நிற்கும். சமையலறையின் புகை உறிஞ்சும் மின்விசிறியும் அந்நேரம் ஓடினால் நிலைமை இன்னும் மோசமாகும். விடியற்காலையில், நெருப்பு தணலாகிக் குழாய் குளிர்ந்துவரும்போது இது நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் புகைகூட இருக்காது. நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு மட்டும் வரும். எனவே அந்த வாயுவை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவியை அடுப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

ஆகவே, குழாயை அடுப்பின் தலைக்கு நேர் மேலாக, வீட்டின் உள்ளேயே கொண்டுசென்று, கூடியவரை முகட்டுக்கு அருகில் கூரையைக் கடக்கச் செய்யுங்கள். மேல்தளத்தையும் கூரையையும் கடக்கும் பகுதிக்கு வெப்பக்காப்புள்ள இரட்டைச் சுவர்க் குழாய் கட்டாயம்; மரச்சட்டங்களிலிருந்து விட வேண்டிய இடைவெளியைக் குழாயின் கையேட்டில் பார்த்து அப்படியே கடைப்பிடியுங்கள். உள்ளே செல்லும் குழாய் சூடாகவே இருப்பதால், தாரைப் போன்ற கிரியோசோட் படிவதும் குறையும். புகையின் வெப்பம் சுமார் 120 டிகிரிக்குக் கீழே போனால் அது குழாய்ச் சுவரில் படியத் தொடங்கும். பின்னொரு நாள் தீப்பிடித்து எரிவது அதுதான். வளைவு தவிர்க்க முடியாததானால், 90 டிகிரி வளைவு ஒன்றைவிட 45 டிகிரி வளைவுகள் இரண்டு மேல்.

அடுப்பின் வாய் 6 அங்குலம் என்று எழுதியிருந்தீர்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 8 அங்குலக் குழாயைப் பொருத்திவிட வேண்டாம். பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிப் புகையின் வேகம் பாதியளவுக்குக் குறைந்துவிடும், அது வழியிலேயே குளிரும். உயரத்திலும் பேராசை தேவையில்லை. உயரத்தை இரட்டித்தால் ஓட்டம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். அதற்கும் மேலாக, இழுவை மிகுந்துபோனால் விறகு வெறிபிடித்தாற்போல் எரிந்து, சூடு அறைக்கு வராமல் வானத்துக்குப் போய்விடும். உங்கள் வீட்டுக்கு அந்தக் கவலை வராது என்றே நினைக்கிறேன்.

குழாய்களுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அடுப்பு நிற்கும் தரையிலிருந்து முகடு வரை உள்ள உயரத்தையும், அடுப்புக்கு நேர் மேலே மேல்மாடியில் என்ன இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். கூரைக்கு மேல் 5 அடிக்கு மிகுந்து குழாய் நிற்க வேண்டியிருந்தால் அதற்குத் தாங்குகம்பிகளும் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்