விலையைக் குறைக்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது வருஷமாகக் குனிந்து கார் கதவுகளின் அடிப்பக்கம் துடைத்தவனுக்கு வேறு என்ன வரும்? இப்போது பரவாயில்லை. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது மனசு லேசாயிற்று.

சரி, உன் கடை விஷயத்துக்கு வருகிறேன். காரை உள்ளும் புறமும் கழுவி, பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கும் டீட்டெய்லிங் கடை, உன் தெருவில் உன்னைத் தவிர இன்னும் மூன்று, மூன்று கடைப் பலகையிலும் ஒரே வாசகம், அதனால் விலையைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். குறைக்காதே. விலை குறைந்தால் அடுத்து குறைவது நேரம். நாம் விற்பதே நேரத்தைத்தானே? ஆறு மணி நேர வேலையை மூன்று மணியில் முடிக்கச் சொன்னால், பையன் துணி தரையில் விழுந்ததைக்கூடப் பார்க்காமல் எடுத்து அப்படியே அடுத்த கதவைத் துடைப்பான். துணியில் ஒட்டிய மண் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பளபளப்பை வைத்தும் நீ தனித்துத் தெரிய முடியாது. வண்டியை டெலிவரி எடுக்கிற அன்றைக்கு எல்லாக் கடை வண்டியும் பளபளக்கத்தான் செய்யும். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கறுப்பு வண்டி வந்தது. பெயின்ட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். முறையாகச் செய்தால் ஒரு முழு நாள் பாலிஷ் வேலை. எனக்கு அவசரம். எண்ணெய்ப்பசை உள்ள கிளேஸ் ஒன்றைத் தேய்த்துவிட்டேன். அது கீறலுக்குள் போய் நிரப்பிக்கொள்ளும், கண்ணாடி மாதிரி தெரியும். அவருக்கு ஏக சந்தோஷம். நாலைந்து முறை கழுவியதும் எண்ணெய் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து உச்சி வெயிலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பானட்டைக் காட்டினார். சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி அத்தனை கீறலும் அப்படியே இருந்தன. அவர் சத்தம் போடவில்லை. “இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் ஆகும் என்று சொல்லியிருந்தால் அதற்கும் பணம் கொடுத்திருப்பேனே” என்றார். அதன்பிறகு அவர் வரவே இல்லை.

அன்றிலிருந்து நான் விலை சொல்வதற்கு முன்னால் வண்டியைக் காட்டச் சொல்கிறேன். நீ மாற்ற வேண்டியது இந்த முதல் கால்மணி நேரத்தைத்தான். மற்ற மூன்று பேரும் போனிலேயே விலை சொல்கிறார்கள் இல்லையா? நீ வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, கையில் ஒரு நல்ல விளக்கோடு உரிமையாளரையும் கூட நடக்க வை. ஒவ்வொரு கதவாக நின்று காட்டு. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், பாலிஷில் முழுசாகப் போகாது, மங்க வைக்கலாம் அவ்வளவுதான். இதை வேலைக்கு முன்னால் சொன்னால் விளக்கம். பின்னால் சொன்னால் சாக்கு.

பெயின்ட் கனம் அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள். பெயின்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. பாலிஷ் என்றால் அதிலிருந்து கொஞ்சம் சீவி எடுப்பது. வருஷா வருஷம் சீவினால் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பார், யாருக்கும் சட்டென்று புரியும். கருவி காட்டுவது எல்லாப் படலமும் சேர்ந்த கனத்தை. கம்பெனி பெயின்ட் பொதுவாக 100க்கும் 180 மைக்ரானுக்கும் நடுவில் இருக்கும். திடீரென்று ஒரு கதவில் மட்டும் 300, 400 என்று காட்டினால் அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அடியில் பட்டி பூசியும் இருக்கலாம். ஒன்று மட்டும் கவனம். பழைய வண்டி வாங்கியவர்களுக்குப் பல சமயம் இது தெரிந்திருக்காது. “உங்களை ஏமாற்றிவிட்டார்கள்” என்று ஆரம்பிக்காதே. “இங்கே எண் வேறாக இருக்கிறது, அதனால் பாலிஷ் மெஷினை மெதுவாகவே ஓட்டுவேன்” என்று சொல், போதும். மீதியை அவர்களே கேட்பார்கள்.

அப்புறம் அந்த செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் படலம். எதிர்க்கடைக்காரர் ‘9ஹெச், வைரம் போல உறுதி’ என்று எழுதியிருக்கிறாராமே, படித்துச் சிரித்தேன். 9ஹெச் என்பது பென்சில் கணக்கு. வெவ்வேறு கடினத்தில் உள்ள பென்சில்களைப் படலத்தின் மேல் அழுத்தித் தள்ளி எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வைரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கல் தெறித்தால் பெயின்ட் பெயரத்தான் செய்யும். பறவை எச்சம் விழுந்தால் சீக்கிரம் துடைக்கத்தான் வேண்டும். கீறலை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால் கீறலைப் பத்திரமாக மூடி வைத்த மாதிரி ஆகிவிடும். அழுக்கு எளிதாகப் போகும், தண்ணீர் நிற்காமல் ஓடும், வெயிலில் பெயின்ட் மங்குவது தள்ளிப்போகும். இது போதாதா? இவ்வளவையும் சொன்னால் பத்துப் பேரில் சிலர் எழுந்து அடுத்த கடைக்குப் போவார்கள். போகட்டும். ஒரு வருஷம் கழித்து அந்தக் கடையோடு சண்டை போட்டுவிட்டு உன்னிடம் வருகிறவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது கழுவும் முறையையும் சொல்லிக்கொடு. இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசத் தண்ணீர், மேலிருந்து கீழாக. உலர்ந்த துணியால் தினமும் தூசி தட்டவே கூடாது. நாம் ஒரு நாள் முழுக்க எடுத்த கீறல் பத்தே நாளில் திரும்பி வருவது அதனால்தான். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றக் கூடாது என்பதையும் சொல், அது இழையில் படிந்து துணி ஈரம் உறிஞ்சாமல் போய்விடும்.

இன்னொரு யோசனை, இது உனக்கு மட்டும்தான். மூன்று கடையும் பெயின்டையே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. உன் கை உள்வேலைக்கான கை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரேடியோவைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்குருவையும் தனித்தனித் தீப்பெட்டியில் போட்டு வைத்து, ஒன்றுகூட மிஞ்சாமல் திருப்பி மாட்டியவன் நீ. நானாக இருந்தால் இரண்டு ஸ்குரு கையில் மீந்திருக்கும். வண்டிக்குள் வருகிற நாற்றத்தை எடுக்க அந்தப் பொறுமை வேண்டும். குழந்தை பால் கொட்டிவிடும், அது கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சில் இறங்கிவிடும். மேலே எந்தப் பெர்ஃப்யூம் தெளித்தாலும் இரண்டு நாள்தான். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, பஞ்சை அலசி, முழுசாகக் காயவிட வேண்டும். ஏசி போட்டதும் வாடை வந்தால் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் அதைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டரையும் பார்க்க வேண்டும். மெனக்கெட்ட வேலை, போட்டோவிலும் தெரியாது, அதனால் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் நாற்றம் போன வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் அதைத் தன் வீட்டில், ஆபீசில் எல்லாரிடமும் சொல்லுவார். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் உன்னைத் தேடி வரட்டும், கோட்டிங் வேலை பின்னாலேயே வரும்.

மேலே சொன்ன கனம் அளக்கும் கருவியை வாங்க அவசரப்படாதே, என்னிடம் பழையது ஒன்று சும்மா கிடக்கிறது. இந்த வாரம் அனுப்புகிறேன். பேட்டரி மட்டும் மாற்றிக்கொள். அது இரும்புத் தகட்டில்தான் அளக்கும். அலுமினிய பானட்டிலும் பிளாஸ்டிக் பம்பரிலும் வைத்துவிட்டு எண் வரவில்லை என்று என்னைத் திட்டி எழுதாதே.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்