முப்பதாம் வீரியத்தில் எதைச் சோதிப்பது?

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. உன் மகன் ஹோமியோபதி மருந்து தயாரிக்கும் சிறிய கூடம் ஒன்றைத் தொடங்குவதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறான் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். நீ மருந்து கொடுத்தே காலம் கழித்தாய். அவன் மருந்து செய்யும் பக்கம் போகிறான் என்றால் அது நல்ல முடிவுதான். கடிதத்தின் முடிவில் நீ கேட்டிருந்த கேள்வியில் மட்டும் கொஞ்சம் குத்தல் இருந்தது: "பகுப்பாய்வுக் கூடத்திலேயே வாழ்ந்தவனே, முப்பதாம் வீரியத்துப் புட்டியை உன் மேசையில் வைத்தால் அதில் எதைச் சோதிப்பாய்?" இந்தக் கடிதம் முழுவதும் அதற்கான பதில்தான். நடுவில் உன் மகனுக்குப் பயன்படும் சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

நேரடியான பதில் இது: மருந்துப்பொருளைத் தேடுவது என்றால், அந்தப் புட்டியில் நான் சோதிக்க எதுவும் இல்லை. ஒரு பங்கை 99 பங்கு சாராயத்தோடு கலந்து குலுக்குவது ஒரு படி, அப்படி எத்தனை படி என்பதே C என்று குறிக்கும் வீரியம். 12 படிகளில் மூலப்பொருள் 10இன் 24ஆம் அடுக்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு மோல் பொருளில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையோ ஏறத்தாழ 6.022 பெருக்கல் 10இன் 23ஆம் அடுக்கு. அதாவது 12C என்னும் எல்லையைத் தாண்டியதும், தொடக்கத்தில் எடுத்த பொருளின் ஒரு மூலக்கூறாவது புட்டியில் இருக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. 30Cயில் நிற்கும் உன் புட்டியில் நான் அளக்கக்கூடியவை சாராயத்தின் விழுக்காடு, மெத்தனால் கலந்திருக்கிறதா என்பது, கன உலோகங்கள், கண்ணுக்குத் தெரியும் தூசு, அடைப்பான் சரியாக இறுகியிருக்கிறதா என்பது ஆகியவையே. ஆர்னிகா 30 என்று சீட்டு ஒட்டிய புட்டியையும் பிரையோனியா 30 என்று சீட்டு ஒட்டிய புட்டியையும் மாற்றி வைத்துவிட்டால், எந்த வேதியியல் கருவியும் அவற்றைப் பிரித்துச் சொல்லாது.

நம் பழைய வாதத்தை மறுபடி கிளறுகிறேன் என்று நினைக்காதே. நான் சொல்ல வருவது வேறு. இறுதிப் பொருளைச் சோதித்து நல்லது கெட்டது சொல்ல முடியாத ஒரு துறையில், தரம் என்பது முழுவதும் முன்னாலேயே உறுதிசெய்யப்பட வேண்டிய ஒன்று. சாதாரண மாத்திரைத் தொழிற்சாலையில் எங்காவது ஒரு தவறு நடந்தால், கடைசியில் மாதிரி எடுத்து அளக்கும்போது அது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உங்கள் துறையில் அந்தக் கடைசி வலை கிடையாது. ஆகவே மூலச்சரக்கு, அதைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் மதர் டிங்சர், ஒவ்வொரு படியின் பதிவேடு ஆகிய மூன்றும் கடுமையாக இல்லாவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒட்டிய சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இந்தக் காரணத்தால்தான் மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூலான இந்திய ஹோமியோபதி பார்மகோபியாவின் பெரும்பகுதி மூலச்சரக்கையும் டிங்சரையும் பற்றியே பேசுகிறது. 1962இல் அதற்கான குழு அமைக்கப்பட்டு, முதல் தொகுதி 1971இல் வந்தது. தரங்களை வகுக்கவும் சோதிக்கவும் காசியாபாத்தில் 1975இல் ஹோமியோபதி பார்மகோபியா ஆய்வகம் நிறுவப்பட்டது. அது 2020இல் இந்திய மருத்துவ முறைகளுக்கான ஆய்வகத்தோடும் ஆணையத்தோடும் இணைக்கப்பட்டு, இப்போது ஒரே ஆணையமாகச் செயல்படுகிறது. இன்னொன்றையும் உன் மகன் தெரிந்துகொள்ளட்டும்: சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டத்தில் தனி அத்தியாயம் உண்டு, ஹோமியோபதியோ ஆங்கில மருந்துகளின் அத்தியாயத்திலேயே அவற்றோடு சேர்ந்து நிற்கிறது. ஆய்வாளர் வந்து மாதிரி எடுப்பதும், அதைப் பிரித்து முத்திரையிடுவதும், அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையும் ஆங்கில மருந்துக்கு எப்படியோ அப்படியே இதற்கும். அறிக்கையை மறுப்பதென்றால், அது கைக்கு வந்த 28 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மூலச்சரக்கிலிருந்து தொடங்குகிறேன், என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கிறது. ஜோனோசியா அசோகா என்னும் உங்கள் மருந்து அசோகு மரத்தின் பட்டையிலிருந்து செய்யப்படுவது. சந்தையில் அசோகப்பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கத்தின் பட்டை தாராளமாக வருகிறது. சாலையோரங்களில் நெடுநெடுவென்று நிற்கும் நெட்டிலிங்கத்தையே பலரும் அசோகமரம் என்று சொல்லிப் பழகிவிட்டதால், சேகரிப்பவரே அறியாமல் மாற்றிக் கொடுப்பதும் உண்டு. காய்ந்து துண்டானபின் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். நுண்ணோக்கியில் திசு அமைப்பையும், சாற்றின் கூறுகளைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லேட்டு வண்ணப்பிரிகையில் புள்ளிகளின் வரிசையையும் பார்த்தால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். ஆர்னிகாவுக்கும் இதே கதை உண்டு: ஐரோப்பிய மலைகளில் வளரும் உண்மையான ஆர்னிகா மொன்டானாவுக்குப் பதிலாக, மெக்சிகோ ஆர்னிகா என்று பெயர்பெற்ற முற்றிலும் வேறொரு பேரினச் செடி சந்தைக்கு வருவது பல காலமாகத் தெரிந்த விஷயம். எனவே ஒவ்வொரு சரக்குக்கும் உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டு மாதிரி ஒன்றைக் கூடத்தில் வைத்திருக்கச் சொல். தாவரவியலாளர் கையொப்பமிட்ட உலர்தாவரத் தாள் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு சாம்பல் அளவு. இதைப் பழங்காலச் சோதனை என்று இளைஞர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள், நான் ஒதுக்கமாட்டேன். சரக்கை எரித்து எஞ்சும் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால், கரையாமல் நிற்பது பெரும்பாலும் மணல். வேரும் பட்டையும் மண்ணோடு வந்ததா, எடைக்காக மண் சேர்க்கப்பட்டதா என்பதை ஒரு மூசையும் ஒரு தராசும் சொல்லிவிடும். ஈரப்பதம், அயற்பொருள், சாராயத்திலும் நீரிலும் கரையும் பகுதி ஆகியவற்றையும் இந்த இடத்திலேயே அளந்துவிட வேண்டும்.

டிங்சருக்கு நம் நாட்டில் பெரும்பாலும் பத்துக்கு ஒன்று என்ற வலிமையை வைத்திருக்கிறார்கள்: சரக்கிலுள்ள ஈரத்தைக் கணக்கிட்டுக் கழித்து, 100 கிராம் உலர்சரக்குக்கு 1000 மில்லிலிட்டர் டிங்சர். ஜெர்மனியின் நூலிலோ பசுஞ்செடிச் சாற்றோடு சம அளவு சாராயம் சேர்க்கும் முறையும் உண்டு. ஆகவே ஒரே பெயர் தாங்கிய இரண்டு நாட்டு டிங்சர்கள் ஒரே வலிமையுடையவையாக இருக்க வேண்டியதில்லை. இறக்குமதிச் சரக்கைக் கொண்டு வீரியம் ஏற்றும்போது இதைப் பலர் கவனிப்பதில்லை. சரக்கின் அடையாளம், டிங்சரின் மொத்தத் திடப்பொருள், சாராய அளவு ஆகிய மூன்றையும் உறுதிசெய்து பதிவுசெய்ய வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. ஆனால் மொத்தத் திடப்பொருளை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. ஆவியாக்கி எடை பார்க்கும் அந்தச் சோதனை, எஞ்சியது பட்டையின் சாறா, எரித்த சர்க்கரையின் நிறமா என்று கேட்பதில்லை. நிறம் நன்றாக இருக்கிறது, எடையும் சரி என்று தேறிய டிங்சர், மெல்லேட்டில் ஏற்றியவுடன் ஒரு புள்ளியும் காட்டாமல் வெறிச்சென்று நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அடையாளத்துக்கு வண்ணப்பிரிகை வேண்டும். எட்டிக்கொட்டையிலிருந்து வரும் நக்ஸ் வாமிகா போன்றவற்றுக்கு அதற்கு மேலும் ஆல்கலாய்டுகளின் அளவு தெரிய வேண்டும். அவற்றுள் ஒன்றான ஸ்ட்ரிக்னின் குறைந்தால் சரக்கு பழையது அல்லது போலி. கூடினால் அது நஞ்சு.

நஞ்சு என்றதும் குறைந்த வீரியங்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோமியோபதி என்றாலே வெறும் சர்க்கரை, தீங்கில்லை என்று ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒருசேர நம்புகிறார்கள். X என்பது பத்துக்கு ஒன்றாகக் கரைக்கும் படி, ஆகவே 1X என்பது பத்தில் ஒரு பங்கு. ஆர்சனிக் சேர்மங்களை அந்த அளவில் உட்கொண்டவர்களுக்கு ஆர்சனிக் நச்சு ஏற்பட்டதை மேற்கு வங்க ஆய்வாளர்கள் 2003இல் ஆய்விதழில் பதிவுசெய்தார்கள். அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற ஹோமியோபதி மாத்திரைகளில் நச்சுச்செடியான பெல்லடோனாவின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறுவதையும், சிலவற்றில் சீட்டில் குறித்ததைவிட மிக அதிகமாக இருப்பதையும் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் உறுதிசெய்தது. அங்கே பொருள் அளக்கக்கூடிய நிலையில் இருந்தது. அளந்து வெளியே விட வேண்டியவர்கள் அளக்கவில்லை. உன் மகன் 6Xக்குக் கீழே எதைச் செய்தாலும், அதை ஆங்கில மருந்து போலவே எண்ணித் தொகுதிதோறும் அளக்க வேண்டும் என்பது என் திட்டவட்டமான கருத்து.

அதே நிர்வாகம் 2012இல் பிரிட்டன் நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதிய எச்சரிக்கைக் கடிதம் உனக்கு நினைவிருக்கிறதா? அவர்களுடைய நிரப்பும் வரிசையில் ஆறு புட்டிகளுக்கு ஒன்று வீதம் மருந்துத் துளி படாமலே போனதை ஆய்வாளர்கள் நேரில் பார்த்துக் குறித்திருந்தார்கள். இந்தக் குறை எந்த ஆய்வகத்திலும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனி, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. துளி விழுந்த உருண்டையும் விழாத உருண்டையும் பகுப்பாய்வுக்கு ஒன்றே. எந்திரத்தின் அருகில் நின்று பார்த்த ஒருவரின் கண்தான் அதைப் பிடித்தது. நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை என்னால் தர முடியாது.

சாராயம், பால் சர்க்கரை, சர்க்கரை உருண்டை என்று மருந்தைச் சுமக்கும் தாங்குபொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புட்டிக்குள் உண்மையில் இருப்பது அவைதான் என்பதால் அவற்றின் தூய்மையே நோயாளியின் பாதுகாப்பு. சாராயம் வந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் வாயு வண்ணப்பிரிகையில் மெத்தனாலைப் பார்க்காமல் தொட்டியில் ஊற்றக்கூடாது. பால் சர்க்கரையில் நுண்ணுயிர் எண்ணிக்கையும் ஈரமும் முக்கியம். உருண்டைகளின் எண் பத்து உருண்டைகளை வரிசையாக வைத்தால் வரும் மில்லிமீட்டர் நீளம். 30ஆம் எண் என்றால் பத்தும் சேர்ந்து 30 மில்லிமீட்டர். 12 விழுக்காட்டுக்கு மேல் சாராயம் உள்ள மருந்தை 30 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் சில்லறையாக விற்கக்கூடாது என்ற விதியும், ஒரே பொருளால் ஆன மருந்துக்குச் சொந்தமாக வணிகப்பெயர் சூட்டக்கூடாது என்ற விதியும் சீட்டு அச்சடிக்கும் முன்பே அவன் மேசையில் இருக்கட்டும்.

இன்னொன்றை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும். தரச்சான்று என்பது, சொன்ன பொருளிலிருந்து சொன்ன முறையில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று. நோயைத் தீர்க்கும் என்பதற்கு அல்ல. ஆஸ்திரேலியாவின் தேசிய நல, மருத்துவ ஆய்வு மன்றம் 2015இல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பயனளிக்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் உள்ள நோய் எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. நீ அதை ஏற்கமாட்டாய், நான் ஏற்கிறேன். ஆனால் இந்த இடத்தில் நம் இருவருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மருந்தை நம்பி வாங்குபவருக்குக் கெட்ட சாராயமும் அளவுமீறிய ஆர்சனிக்கும் கிடைக்கக்கூடாது. நீ செய்ய விரும்பும் எந்த ஆய்வும் அடையாளம் உறுதியான சரக்கில்லாமல் ஒரு பயனும் தராது. விளம்பரத்தில் "அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது" என்று போட்டுக் குணமாகும் என்ற பொருள்பட எழுதுகிறார்களே, அந்த வழிக்கு மட்டும் உன் மகன் போகவேண்டாம்.

அவன் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, தொகுதிக்கு ஒரு பதிவுத்தாள். அதில் சரக்கு எங்கிருந்து வந்தது, யார் அடையாளம் சொன்னது, எந்த நாளில் எந்தப் படிக்கு எந்தக் கலம் பயன்பட்டது, குலுக்கியவர் யார், பார்த்துச் சரிசொன்ன இரண்டாமவர் யார் என்பவை அந்தந்த நேரத்திலேயே எழுதப்பட வேண்டும். மாலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய தாளைப் பார்த்தவுடனே அனுபவமுள்ள ஆய்வாளர் கண்டுகொள்வார். முந்தைய வீரியங்களைச் சீட்டோடு தனியே பாதுகாக்க வேண்டும். வண்ணப்பிரிகைக் கருவிகளை எல்லாம் இப்போதே வாங்கி முதலை முடக்க வேண்டியதில்லை. உரிமம் வழங்கும் அதிகாரி ஏற்கும் நிறுவனத்தோடு சோதனைக்கு ஏற்பாடு செய்துகொள்ள விதிகளில் இடம் உண்டு. நுண்ணோக்கி, உலையடுப்பு, நல்ல தராசு, மெல்லேட்டுச் சாதனங்கள் ஆகியவை மட்டும் கூடத்திலேயே இருப்பது நல்லது.

அவன் தயாரிக்கவிருக்கும் மருந்துகளின் பட்டியலையும், ஹோமியோபதிக் கூடங்களின் தயாரிப்பு நெறிகளைச் சொல்லும் எம்-1 அட்டவணைப்படி வரைந்த கூடத்தின் வரைபடத்தையும் எனக்கு அனுப்பச் சொல். ஒவ்வொன்றுக்கும் எந்தச் சோதனையை விடவே கூடாது என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். பட்டியலில் 6Xக்குக் கீழே உள்ளவற்றை முதலில் எழுதச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்